ஒரு காபிக் கோப்பைத் தண்ணீர்

எங்கள் கட்டடத்தின் நாலாவது மாடி ஹைதம் ஊர் உலகம் பார்த்தவன் இல்லை. பிறந்தது, வளர்ந்தது, மரச்சாமான்களுக்கு பாலிஷ் போட்டுப் பிழைத்தது எல்லாம் எங்கள் ஊர் தும்யாத்தில்தான். அதிகபட்சமாகப் போன ஊர் மன்சூரா. அதுவும் ஆஸ்பத்திரிக்கு. அப்படிப்பட்டவனைக் கடைசி சில மாதங்கள் தெருவே, மக்கா போய் வந்தவனைப் போல, "ஹாஜி, ஹாஜி" என்று கூப்பிட்டது. கூப்பிடும் போதெல்லாம் அவன் காது சிவந்துபோகும். நாங்கள் அதை அடக்கம் என்று நினைத்தோம். அவமானம் என்று புரிய நாளாயிற்று.

நான் நஜாத். மூன்றாவது மாடி. என் வீட்டுக்காரர் சப்ரி முன்பு ராஸ் அல்-பர்ருக்கு பஸ் ஓட்டியவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகவேண்டும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளவு கொடுத்திருந்தார். குடிக்கிற தண்ணீர், சூப், டீ எல்லாம் சேர்த்து ஒரு கண்ணாடி ஜாடி. அதற்கு மேல் ஒரு மடக்கு கூடக் கூடாது. மனுஷனுக்கு டீ என்றால் உயிர். கறுப்பாக, ஸ்ட்ராங்காக, சர்க்கரையைக் கொட்டி, சின்னக் கிளாஸில். அந்த ஜாடியில் பாதி டீக்கே போய்விடும். மீதி நாள் முழுக்க நாக்கு வறண்டு கிடப்பார், ஆனால் டீயை விடமாட்டார்.

ஹைதமை நான் தூக்கி வளர்த்தேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன். சின்ன வயதில் சரியான வால். என் கொடியில் காய்ந்த போர்வையைக் கோல் போஸ்டாக்கி மொட்டை மாடியில் பந்து விளையாடுவான். வளர்ந்ததும் தெருக்கோடியில் அப்பாவின் பட்டறையில் பாலிஷ் வேலை. விரல் நகமெல்லாம் எப்போதும் பழுப்பாக இருக்கும். படியேறி வந்தால் ஆளுக்கு முன்னால் வார்னிஷ் வாடை வரும். பாட்டு வேறு. குரல் சுமார்தான், ஆனால் கூச்சமே கிடையாது. தங்கை ஷைமாவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்ததும், அவளுடைய படுக்கையறை சாமான் மொத்தத்துக்கும் நானே பாலிஷ் போடுவேன், வேறு எவனும் தொடக்கூடாது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மாப்பிள்ளை வீட்டார் முஷப்பக் கடைக்காரர்கள். ஜாங்கிரி மாதிரி சுற்றிப் பாகில் முக்கி எடுக்கிற அந்த இனிப்பை ஊரில் பாதிக் கல்யாணத்துக்கு அவர்கள்தான் கொடுப்பார்கள். மாப்பிள்ளையின் அம்மா ரவ்யா நல்ல மாதிரிதான். ஆனால் எதையும் மோந்து பார்க்காமல் வாங்கமாட்டாள். நிச்சயத்துக்கு ஃபாத்திஹா ஓதி, ஷைமாவுக்கு நகை போட்ட அடுத்த மாதம் ஹைதமுக்குக் காய்ச்சல் வந்தது. போகவில்லை. ஈறில் ரத்தம் கசிந்தது. கால் முழுக்க நீலம் நீலமாகத் திட்டு. மன்சூராவில் பரிசோதனை செய்து, ரத்தத்தில் அந்தக் கெட்ட நோய், அதிலும் வேகமாக முற்றுகிற வகை என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அதன் பெயரை யாரும் வாயால் சொல்லமாட்டோம். சொன்னால் வீட்டுக்குள் வந்துவிடும் என்று ஒரு பயம்.

ஹைதமின் அம்மா கரீமாவுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ரத்தத்தில் வந்தது என்று தெரிந்தால் ரவ்யா என்ன நினைப்பாள்? அண்ணன் ரத்தம்தானே தங்கைக்கும் என்பாள். நாளைக்குப் பேரன் பேத்திக்கும் வரும் என்பாள். இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு ஒரே நாளில் இரண்டும் கையை விட்டுப் போகிற மாதிரி இருந்திருக்கும். இது இப்போது எனக்குப் புரிகிறது. அப்போது எதுவுமே தெரியாதே.

மருந்து ஏற்ற ஆரம்பித்ததும் ஹைதமின் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. காய்ச்சல் என்று சொல்லிச் சமாளிக்கலாம், மெலிந்ததற்கு வயிற்றுக்கோளாறு எனலாம். மொட்டைத் தலைக்கு என்ன சொல்வது? கரீமா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். பையன் உம்ரா யாத்திரைக்கு மக்கா போயிருக்கிறான் என்று தெருவில் சொல்லிவிட்டாள். உம்ரா முடித்த ஆண்கள் தலையை மழித்துக்கொண்டுதானே திரும்புவார்கள். யாருக்கும் சந்தேகம் வராது. அவன் அத்தனை நாளும் மன்சூரா ஆஸ்பத்திரியிலும், ராஸ் அல்-பர்ரில் ஆளில்லாத ஒரு கடற்கரை வீட்டிலுமாகக் கிடந்தான் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

திரும்பி வந்த அன்று தெருவே குலவையிட்டது. நானும்தான் இட்டேன், என் குரல் முக்குவரை கேட்கும். வெள்ளை ஜலாபியா அங்கி, மழமழ என்று மொட்டைத் தலை, பாதியாகிப்போன உடம்பு. "அங்க வெயில் அப்படி!" என்றாள் கரீமா. வழக்கப்படி எல்லாரும் பார்க்கப் போனோம். போகிறவர்களுக்கெல்லாம் பேரீச்சம்பழம், ஜபமணி, ஆளுக்கொரு சின்ன பாட்டில் ஸம்ஸம், மக்காவின் புனிதக் கிணற்றுத் தண்ணீர். மக்காவிலிருந்து திரும்புகிறவன் இதையெல்லாம் கொடுக்காவிட்டால் ஊர் சும்மா விடுமா? பேரீச்சம்பழம் நம்ம சந்தையில் வாங்கியது. ஜபமணி எந்த நாட்டுச் சரக்கோ. தண்ணீர், கரீமாவின் சமையலறைக் குழாயில் பிடித்தது.

"எனக்காக துஆ கேட்டியா, ஹாஜி?" என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். "என் பேரைச் சொன்னியா? என் மருமகளுக்குக் குழந்தை கேட்டியா?"

"கேட்டேன் அத்தை. கேட்டேன் மாமா." தலையைக் குனிந்தபடியே சொன்னான்.

"போட்டோ எங்கடா? காபா முன்னாடி ஒண்ணு கூட எடுக்கலியா?"

"என் புள்ள இபாதத்துக்குப் போனான்டி, போட்டோ புடிக்கவா போனான்?" என்று கரீமா ஒரே போடாகப் போட்டாள். எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம். எனக்குக் கூட வெட்கமாகிவிட்டது.

என் பாட்டிலை நான் சப்ரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனுஷன் இரண்டு கையாலும் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார். வழக்கமாக எதையும் கிண்டல் பண்ணுகிற ஆள். அன்றைக்கு கண் கலங்கிவிட்டது. அப்புறம் ஜாடியைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். ஒரு நாள் அளவுக்குள் டீக்கும் அதற்கும் இடமில்லையே.

"நஜாத், இனிமே டீ வேணாம்" என்றார்.

"என்ன உளறுறீங்க?"

"தினம் ஒரு காபிக் கோப்பை ஸம்ஸம். அந்த அளவு டீல கழிச்சுக்கறேன்."

ஒரு கோப்பை ஸம்ஸமுக்கு ஒரு கிளாஸ் டீயைக் குறைத்தால் போதும், மற்றதைக் குடிக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். கேட்கவில்லை. அதைக் குடித்த வாயில் சர்க்கரைத் தண்ணியை ஊற்றமாட்டாராம். முப்பது வருஷப் பழக்கத்தை ஒரே நாளில் விட்டார். மத்தியானத் தொழுகைக்குப் பிறகு மக்கா இருக்கும் கிப்லா பக்கம் திரும்பி உட்கார்ந்து, காபிக் கோப்பையில் அளந்து ஊற்றி, மூன்று மடக்காகக் குடிப்பார். பாட்டில் தீர்ந்தால் நான் மேலே போவேன். கரீமா முகம் கொடுக்காமல் உள்ளே போய் இன்னொன்று கொண்டுவருவாள். "தாராளமா வாங்கிக்கோ" என்பாள். அவ்வளவு தூரத்திலிருந்து ஒருத்தன் எத்தனை பாட்டில்தான் சுமந்து வந்திருப்பான் என்று எனக்கு ஒரு தடவையாவது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை.

மேலே என்ன நடந்தது என்பதை ஷைமா பிற்பாடு சொன்னாள். ஹைதமுக்கு நோயைவிட அந்த "ஹாஜி" தாங்க முடியவில்லை. வாசலில் ஆள் சத்தம் கேட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வான். அவன் அப்பா ஃபத்ஹி பட்டறையிலேயே கிடந்தார். வீட்டுக்கு வந்தால் யாராவது மகனின் புண்ணியத்தைப் பற்றிப் பேசுவார்கள், அதற்கு அவர் அல்ஹம்துலில்லாஹ் என்று நன்றி சொல்லவேண்டும். அதற்குப் பயந்தே ரேடியோவை வைத்துக்கொண்டு மரத்தூளில் உட்கார்ந்திருந்தார். ஷைமாவுக்கும் அம்மாவுக்கும் தினம் சண்டை.

"எனக்காகன்னு சொல்லாதம்மா. என் தலையில கட்டாத" என்பாள் ஷைமா. "அண்ணன் செத்துக்கிட்டிருக்கான், நீ பாட்டில் கழுவிக்கிட்டிருக்க."

"வாயக் கழுவுடி முதல்ல!" என்பாள் கரீமா. பாட்டில் கழுவுவதை மட்டும் நிறுத்தமாட்டாளாம்.

இப்படியே போயிருக்கும். சப்ரிதான் கெடுத்தார். கால் வீக்கம் கொஞ்சம் வடிந்ததும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. டீயையும் சர்க்கரையையும் விட்டால் வீக்கம் வடியாதா என்ன? அவருக்கோ எல்லாம் அந்தத் தண்ணீரின் மகிமை. மாடிப்படியில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவனிடமெல்லாம் காலைத் தூக்கிக் காட்டினார். வியாழக்கிழமை டயாலிசிஸுக்குப் போகப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டார்.

"எனக்கு மெஷின் எதுக்கு? ஹாஜி கொண்டுவந்தது போதும்!"

நான் கத்தினேன், அழுதேன். அசையவில்லை. இந்தப் பேச்சு மாடிப்படி வழியாக மேலே ஏறியிருக்கிறது.

புதன்கிழமை மத்தியானம் ஹைதம் இறங்கி வந்தான். ஒரு மாடிதான். சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து சேர்வதற்குள் வியர்த்துக் கொட்டிவிட்டது. உதடு வெளுத்திருந்தது. சப்ரி எழுந்து நிற்கப் பார்த்தார்.

"வாங்க ஹாஜி! உங்களுக்கு நான் வரணும், நீங்க இறங்கி வரலாமா?"

"உக்காருங்க மாமா." அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். "நாளைக்கு ஆஸ்பத்திரி போங்க. கட்டாயம் போகணும்."

"எதுக்குப்பா? கால் பாரு!"

"அது குழாய்த் தண்ணி மாமா."

சப்ரி சிரித்தார். புரியவில்லை அவருக்கு.

"எங்க வீட்டுக் குழாய்த் தண்ணி. நான் மக்கா போகல. எனக்கு ரத்தத்துல நோய். மன்சூராவுல படுத்திருந்தேன். முடி மருந்துல கொட்டினது." எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். அப்புறம்தான் அழுதான். "ஷைமாவுக்காக அம்மா சொல்லிட்டாங்க. நானும் வாயத் திறக்கல. உங்களுக்குத்தான் மாமா நான் பண்ணது... நீங்க டீய விட்டீங்கன்னு அத்தை சொன்ன நாள்லேர்ந்து எனக்குத் தூக்கமில்ல."

அவனைக் கட்டிக்கொள்வதா, கன்னத்தில் அறைவதா என்று தெரியவில்லை. சப்ரி அவனைப் பார்க்கவே இல்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலில் அவர் எவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தார் என்று எனக்குத்தான் தெரியும்.

"நஜாத்" என்றார் கடைசியில். "டீ போடு. ஒரு கிளாஸ்."

எங்கள் ஊர்க்காரர்களைக் கஞ்சர்கள் என்று நாடே கேலி பண்ணும். பண்ணட்டும். ஆனால் வீட்டுக்கு வந்தவனை உட்கார வைத்துக்கொண்டு தனக்கு மட்டும் டீ கேட்கிறவன் தும்யாத்தில் கிடையாது. செருப்பால் அடித்திருந்தால் கூட ஹைதமுக்கு அவ்வளவு வலித்திருக்காது. நானும் போட்டேனே! ஒரே கிளாஸ் போட்டு, ஒரே கிளாஸைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தேன். சப்ரி சர்க்கரை போட்டு, கலக்கி, நிதானமாக அடிவரை குடித்தார். அவர் குடித்து முடிக்கும்வரை பையன் எழுந்திருக்காமல் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். பெரியவர் குடிக்கும்போது எழுந்து போவது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பான்.

ஏறும்போது அவனால் முடியவில்லை. கையை ஊன்றிப் படி படியாக உட்கார்ந்து ஏறினான். கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன், போய்த் தூக்கவில்லை. சப்ரி மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஷைமா கல்யாணம் எங்கள் வாயால் கெடவேண்டாம் என்று இருந்துவிட்டோம். ஆனால் மேலே போகவும் இல்லை. "அந்தத் தண்ணியக் கொட்டிடு" என்றார். கடைசி பாட்டிலில் முக்கால்வாசி இருந்தது. கொட்ட மனம் வராமல் தொட்டிக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

அதற்குப் பிறகு ஹைதம் படி இறங்கவில்லை. இரண்டாவது தடவை ஏற்றிய மருந்து பிடிக்கவில்லை, இனிமேல் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கடைசி வாரம் அவன் அம்மாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்.

"நான் போனப்புறம் யாராவது ஸம்ஸம் எங்கேன்னு கேப்பாங்கம்மா. ஹாஜி மேல தெளின்னு சொல்லுவாங்க. தெளிச்சிடாத. குழாய்த் தண்ணில குளிப்பாட்டுங்க. அது குழாய்த் தண்ணின்னு சொல்லிக் குளிப்பாட்டுங்க. இந்தப் பொய்யோட என்ன அனுப்பாதம்மா, எனக்கு அல்லாஹ் முன்னாடி வெக்கமா இருக்கு."

"சும்மா இரு கண்ணு. ஷைமா நிக்காஹ் முடியட்டும். அப்புறம் நீயே ஊரக் கூட்டிச் சொல்லிக்கோ" என்றாளாம் கரீமா. அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

நிக்காஹ்வுக்கு முன்னாலேயே போய்விட்டான். ஒரு காலை நேரத்தில் மேலே கரீமாவின் குரல் கேட்டது. அந்தக் குரலுக்கு அர்த்தம் கேட்கவேண்டியதில்லை. நான் ஓடினேன். கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்கப் பெண்கள், மாடிப்படி முழுக்க ஆண்கள். ரவ்யாவும் வந்து கரீமாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள் அறையில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். குளிப்பாட்டுகிறவர் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"போர்த்தற கஃபன் துணில தெளிக்க ஸம்ஸம் இருந்தாக் குடுங்கம்மா."

"இல்லாம என்ன?" என்றாள் ரவ்யா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "புள்ள தன் கையாலயே சுமந்து வந்தானே! எழுந்திரு கரீமா, எடுத்துக் குடு. யாருக்குக் கிடைக்கும் இந்த பாக்கியம்?"

கரீமா எழுந்து கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். அறைக் கதவுவரை போனாள். கதவிடுக்கிலிருந்து ஒரு ஈரக் கை நீண்டது. அவள் கொடுக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். ஷைமா சுவரோரமாக நின்று அம்மாவையே பார்த்தாள். கொடுத்துத் தொலையடி, பெண்ணின் வாழ்க்கை என்று ஒரு மனம். கொடுக்காதேடி பாவி, இந்தப் பொய்க்காக அவன் எங்கள் முன்னால் அழுதானே என்று ஒரு மனம்.

"இது குழாய்த் தண்ணி" என்றாள் கரீமா.

யாருக்கும் புரியவில்லை. அவள் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எங்க சமையலறைக் குழாய்த் தண்ணி. உங்க எல்லாருக்கும் அதைத்தான் குடுத்தேன். என் புள்ள மக்கா போகல. அவனுக்குக் கேன்சர்." அந்தப் பெயரை அந்தத் தெருவில் ஒருத்தி வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "பொய் சொன்னது நான். அவன் இல்ல. ரவ்யா அக்கா, ஷைமா விஷயத்துல நீங்க என்ன வேணா முடிவு பண்ணுங்க. என் புள்ளய மட்டும் திட்டிடாதீங்க."

மாடிப்படியில் அதைக் கேட்ட ஃபத்ஹி முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதார். ரவ்யா ஜனாஸாப் பெட்டி இறங்கும்வரை இருந்தாள், அழுதாள், அதையும் சொல்லவேண்டும். ஆனால் கரீமாவின் கையை அதற்குப் பிறகு பிடிக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து மாப்பிள்ளை போன் எடுப்பதை நிறுத்தினான். யாரும் கேட்பதற்குள் ஷைமாவே நகையைப் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிட்டாள். அவளுக்கென்று வந்த கட்டில் பாலிஷ் இல்லாமல் பட்டறையில் வெறும் மரமாக நிற்கிறது. வேறு யாரையும் தொட விடமாட்டேன் என்கிறாள்.

அன்றைக்கு ஜனாஸாவை எங்கள் வாசலைத் தாண்டி இறக்கும்போது சப்ரி வெளியே வந்து நின்றார். டயாலிசிஸ் ஊசி ஏறுகிற கை, பாரம் தூக்கக் கூடாது. மற்றக் கையை நீட்டிப் பெட்டியின் கட்டையைத் தொட்டார். அது போய் வெகு நேரம் ஆன பிறகும் அங்கேயே நின்றார். உள்ளே வந்ததும் டீ போட்டு வைத்தேன். தள்ளிவிட்டார்.

"ஒரு கிளாஸ் டீ குடுக்கல நஜாத், அவனுக்கு. நடக்க முடியாம நடந்து வந்து என் உசுரக் காப்பாத்தினான். நான் அவன் முன்னாடி உக்காந்து குடிச்சேன்." கிளாஸை இன்னும் தூரமாக நகர்த்தினார். "தூ! நானும் ஒரு மனுஷன்."

"நானும்தானே போட்டேன்" என்றேன். வேறு என்ன சொல்வது?

"அந்த பாட்டிலக் கொட்டிட்டியா?"

இல்லை என்று தொட்டிக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கிப்லா பக்கம் திரும்பி உட்கார்ந்தார். காபிக் கோப்பையில் அளந்து ஊற்றி, மூன்று மடக்காகக் குடித்தார். மறுநாளும் குடித்தார். அதற்கடுத்த நாளும். டீயைக் கேட்கவே இல்லை. ஒரு நாள் காலி பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

"நிரப்பிக் குடு."

"எங்கேர்ந்து நிரப்பறது?"

"மேல போய் கரீமாகிட்டக் கேளு" என்றார். "அவங்க வீட்டுக் குழாய்லேர்ந்து."